தாழப் பறக்கும் சிறு விமானங்கள்: வகையை அறியவும் உயரத்தைக் கணிக்கவும் விதிகளைப் புரிந்துகொள்ளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

தலைக்கு மேலே ஒரு சிறு விமானம் வழக்கத்தைவிடத் தாழ்வாகக் கடந்துபோகும்போது, இவ்வளவு தாழப் பறக்க அதற்கு அனுமதி உண்டா என்ற கேள்வி எவருக்கும் எழும். அதற்குச் சரியான விடை சொல்ல மூன்று விவரங்கள் வேண்டும். அது என்ன வகை விமானம், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, அந்த இடத்துக்கும் அது செய்துகொண்டிருந்த வேலைக்கும் எந்த விதி பொருந்தும் என்பவையே அவை. இவற்றை இதே வரிசையில் தேடுவது அவசியம். வகை தெரியாவிட்டால் விமானத்தின் உண்மையான அளவு தெரியாது. அளவு தெரியாவிட்டால் கண்ணால் கண்டதை வைத்து உயரத்தைக் கணக்கிட முடியாது. உயரம் தெரியாமல் விதி மீறப்பட்டதா என்று பேசுவதில் பொருள் இல்லை.

சிறு விமானம் என்று இங்கே சொல்வது, ஒன்று அல்லது இரண்டு எஞ்சின் கொண்ட, அதிகபட்ச எடை 5,700 கிலோவைத் தாண்டாத விமானங்களையே. பயிற்சி விமானங்கள், தனியார் விமானங்கள், மருந்து தெளிக்கும் விமானங்கள், நில அளவை விமானங்கள் ஆகியவை பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கும். சிறிய ஹெலிகாப்டர்களையும் தேவையான இடங்களில் சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் படி: ஒலியை வகைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்

சத்தம் பெரிதாகக் கேட்டால் விமானம் மிக அருகில் இருப்பதாக மனம் உடனே முடிவு செய்துவிடும். அந்த முடிவு அடிக்கடி தவறிப்போகும். மேலேறும் விமானம் எஞ்சினை முழு வேகத்தில் இயக்குவதால், அதே உயரத்தில் சமமாகப் பறக்கும்போது எழுப்புவதைவிட அதிகச் சத்தம் எழுப்பும். அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும் நாட்களில், ஒலி மேலே சிதறாமல் தரை நோக்கி வளைந்து, தொலைவிலுள்ள விமானத்தையும் கூரைக்கு மேலே நிற்பதுபோல் கேட்கவைக்கும்.

ஆனால் ஒலியின் தன்மை வகையைப் பற்றி நிறையவே சொல்லும். இரண்டு தகடு கொண்ட புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,400 முறை சுழன்றால், நொடிக்கு 80 துடிப்புகள் கொண்ட கனத்த ரீங்காரம் கேட்கும். பெரும்பாலான பயிற்சி விமானங்களின் குரல் இதுதான். ரோட்டாக்ஸ் வகை எஞ்சின் கொண்ட மிக இலகுவான விமானங்களில் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் ஓடி, கியர் வழியாகப் புரொப்பல்லரை மெதுவாகச் சுழற்றுவதால், ஒலி மெலிந்தும் விரைந்தும் இருக்கும். டர்போபுரொப் எஞ்சின், அதாவது ஜெட் எஞ்சின் போன்ற வாயுச் சுழலியால் புரொப்பல்லரைச் சுழற்றும் எஞ்சின், ஒரு கூரிய கூவலோடு வரும். ராபின்சன் ஆர்22, ஆர்44 ஹெலிகாப்டர்களின் இரண்டு தகடு கொண்ட பெரிய விசிறி "தட தட"வென்று தனித்தனி அடிகளாகக் கேட்கும்.

இரண்டாம் படி: இறக்கை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பார்வையில் விமானம் இருக்கும் நேரம் பெரும்பாலும் 10, 15 நொடிகள்தான். அந்த நேரத்தில் நிறத்தையும் கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை. ஒரே வகை விமானம் எந்த நிறத்திலும் இருக்கலாம். இறக்கை உடலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, இறக்கையைத் தாங்கும் சாய்ந்த கம்பி உண்டா, சக்கரங்கள் வெளியே தெரிகின்றனவா, வால் எந்த வடிவில் இருக்கிறது, எஞ்சின் ஒன்றா இரண்டா என்ற வரிசையில் கண்ணை ஓட்டிப் பழகுங்கள்.

மேல் இறக்கை, அதைத் தாங்கும் சாய்ந்த கம்பி, மூக்கில் ஒன்றும் உடலின் கீழே இரண்டுமாக வெளியே தெரியும் மூன்று சக்கரங்கள் என்று அமைந்திருந்தால், அது செஸ்னா 172 ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1955-ல் முதலில் பறந்த இந்த விமானம் இதுவரை 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. உலகில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறு எந்த விமானமும் தயாரானதில்லை. அதன் இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 11 மீட்டர், நீளம் 8.3 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயரக் கணக்குக்கு இவை தேவைப்படும். இதே குடும்பத்தின் சிறிய உறுப்பினரான செஸ்னா 152-ல் இருவர் மட்டுமே அமர முடியும். இறக்கை சுமார் 10.2 மீட்டர். செஸ்னா 182 பார்வைக்கு 172 போலவே இருக்கும், சற்றுப் பருத்த மூக்கைக் கொண்டது, அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை.

கவனமாகப் பிரித்தறிய வேண்டியது செஸ்னா 208 கேரவன். அதற்கும் மேல் இறக்கை, சாய்ந்த கம்பி, வெளியே தெரியும் சக்கரங்கள் எல்லாம் உண்டு. ஆனால் இறக்கையின் நீளம் சுமார் 15.9 மீட்டர். இதை 172 என்று எண்ணிக் கணக்கிட்டால், உண்மை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். கேரவனின் நீண்ட மூக்கு, வரிசையாக அமைந்த பல ஜன்னல்கள், டர்போபுரொப் கூவல், பல விமானங்களில் வயிற்றின் கீழே பெட்டிபோல் ஒட்டியிருக்கும் சரக்கு அறை ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

கீழ் இறக்கை விமானங்களில் பைப்பர் பிஏ-28 குடும்பம் மிகப் பரவலானது. செரோக்கி என்று அழைக்கப்படும் பழைய மாதிரிகளின் இறக்கை அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலத்தில், செவ்வகப் பலகை போல் இருக்கும். பின்னாளில் வந்த வாரியர், ஆர்ச்சர் மாதிரிகளில் இறக்கை வெளிப்பக்கம் குறுகிச் செல்லும். வாரியரின் இறக்கை 10.7 மீட்டர். சிர்ரஸ் எஸ்ஆர்22 இன்னும் வழுவழுப்பான உடல் கொண்டது. கீழ் இறக்கை இருந்தும் சக்கரங்கள் உள்ளே மடங்காமல், நீர்த்துளி வடிவ உறைகளுக்குள் நிற்கும்.

வால் சில வகைகளை ஒரே பார்வையில் சொல்லிவிடும். கிடைமட்ட வால், செங்குத்து வாலின் உச்சியில் அமர்ந்திருந்து, இறக்கை மெலிந்து நீண்டு ஒரே ஒரு எஞ்சின் இருந்தால் டயமண்ட் டிஏ40. அதே தோற்றத்தில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின் இருந்தால் டிஏ42. உச்சியில் அமர்ந்த வாலோடு உடல் பருத்து, டர்போபுரொப் ஒலி கேட்டால் பிலாட்டஸ் பிசி-12. செங்குத்து வாலின் முன்விளிம்பு பின்னோக்கிச் சாயாமல் நேராக நிமிர்ந்து நின்றால் மூனி. வால் இரண்டே தகடுகளாக விரிந்திருந்தால், 1947-ல் அறிமுகமான பீச்கிராஃப்ட் பொனான்சா மாதிரி 35. இரட்டை இறக்கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்து, பெரிய உருவமும் மிக மெதுவான வேகமும் இருந்தால் அன்டோனோவ் ஏஎன்-2 ஆக இருக்கலாம்.

மூன்றாம் படி: பதிவு எழுத்துகளைப் படியுங்கள்

ஒவ்வொரு விமானத்துக்கும் வாகனப் பதிவெண் போன்ற பதிவு எழுத்துகள் உண்டு. முன்னெழுத்து நாட்டைக் குறிக்கும்: விடி இந்தியா, 4ஆர் இலங்கை, 9எம் மலேசியா, 9வி சிங்கப்பூர், ஜி பிரிட்டன், என் அமெரிக்கா, விஎச் ஆஸ்திரேலியா. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஏழாம் இணைப்பு, இறக்கையின் அடிப்பக்கத்தில் குறைந்தது 50 செ.மீ. உயர எழுத்துகளும், உடலின் பக்கவாட்டிலோ செங்குத்து வாலிலோ குறைந்தது 30 செ.மீ. உயர எழுத்துகளும் இருக்க வேண்டும் என்கிறது. இறக்கையின் அடியில் அவை வழக்கமாக இடப்பக்கத்தில் இருக்கும். அமெரிக்கப் பதிவு கொண்ட விமானங்களில் உடலின் பக்கவாட்டில் மட்டும் தேடுங்கள்.

இந்த எழுத்துகளே உயரத்துக்கும் ஒரு சாட்சி ஆகின்றன. கண் மருத்துவரின் பலகையில் இயல்பான பார்வை உள்ளவர் படிக்கும் கடைசி வரியின் எழுத்து, கண்ணில் ஐந்து கலைக் கோணத்தை, அதாவது ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கை, அடைக்கும். அதே கணக்கின்படி 30 செ.மீ. எழுத்தைச் சுமார் 200 மீட்டர் வரையிலும், 50 செ.மீ. எழுத்தைச் சுமார் 340 மீட்டர் வரையிலும் வெறுங்கண்ணால் படிக்க முடியும். விரைந்து நகரும் விமானத்தில், வானத்தின் ஒளிக்கு எதிரே, இது இன்னும் குறையும். ஆகவே உடலின் பக்கத்திலுள்ள எழுத்துகளை வெறுங்கண்ணால் தெளிவாகப் படித்துவிட்டீர்கள் என்றால், அந்த விமானம் உங்களிடமிருந்து ஏறத்தாழ 200 மீட்டருக்குள் இருந்தது என்று கொள்ளலாம். பைனாகுலர் வைத்துப் படித்திருந்தால் இந்தச் சாட்சி செல்லாது.

நான்காம் படி: உயரத்தைக் கணியுங்கள்

விமானத் துறையில் உயரம் அடிக்கணக்கில் சொல்லப்படுகிறது. 500 அடி என்பது சுமார் 150 மீட்டர். 1,000 அடி என்பது சுமார் 300 மீட்டர். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் தரையில் நிற்பவருக்கு முக்கியம், ஏனெனில் விதிகள் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

விமானம் நேராகத் தலைக்கு மேல் கடந்துபோகும்போது நான் மிகவும் நம்புவது கடிகாரத்தைத்தான். ஒரு சதுரக் காகிதத்தைக் குறுக்காக மடித்தால் கிடைக்கும் முக்கோணத்தின் கூர்மையான முனை 45 பாகை. அதன் ஒரு விளிம்பைத் தரைக்கு இணையாக வைத்து, மற்ற விளிம்பின் வழியே பார்த்தால் வானத்தில் 45 பாகை எங்கே விழுகிறது என்று தெரியும். விமானம் முன்பக்கம் அந்தக் கோட்டைக் கடக்கும்போது எண்ணத் தொடங்கி, தலைக்கு மேல் சென்று பின்பக்கம் அதே 45 பாகைக்கு இறங்கும்போது நிறுத்துங்கள். இந்த இடைவெளியில் விமானம் பறந்த தூரம் அதன் உயரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு. செஸ்னா 172 சமமாகப் பறக்கும்போது ஏறத்தாழ நொடிக்கு 60 மீட்டர் செல்லும்; எனவே எண்ணிய நொடிகளை 30-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் கிடைத்துவிடும். ஐந்து நொடி என்றால் 150 மீட்டர், அதாவது 500 அடி. பத்து நொடி என்றால் 1,000 அடி. எந்தக் கருவியும் இல்லாமல் இவ்வளவு தெளிவாக இரண்டு உயரங்களையும் பிரித்துக் காட்டும் வேறு முறை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனாலும் இதற்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி வரும் பயிற்சி விமானம் நொடிக்கு 45 மீட்டர் அளவில் மெதுவாகப் பறப்பதால், அங்கே 30-க்குப் பதில் 22-ஆல் பெருக்க வேண்டும். காற்று வேகமாக வீசும் நாளில், 20 நாட் (விமானத் துறையில் வேகத்தை அளக்கும் அலகு) எதிர்க்காற்று நொடிக்கு 10 மீட்டரைக் கழித்துவிடும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உண்மையைவிட அதிக உயரம் கிடைக்கும். பின்காற்று இருந்தால் இதன் மறுதலை.

இரண்டாவது முறைக்கு ஓர் அளவுகோல் போதும். கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து 60 செ.மீ. தொலைவில் அளவுகோலைப் பிடித்து, தலைக்கு மேல் வரும் விமானத்தின் இறக்கை எத்தனை செ.மீ. அடைக்கிறது என்று பாருங்கள். செஸ்னா 172 என்றால், 4.4 செ.மீ. தெரிந்தால் 150 மீட்டர், 2.2 செ.மீ. தெரிந்தால் 300 மீட்டர், 1.1 செ.மீ. தெரிந்தால் 600 மீட்டர். வகையைத் தவறாக அறிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதுவே சான்று. 35.8 மீட்டர் இறக்கை கொண்ட ஏர்பஸ் ஏ320 ஒன்று அதே 4.4 செ.மீ. தெரியும்போது, உண்மையில் 490 மீட்டர் உயரத்தில், அதாவது 1,600 அடியில் பறந்துகொண்டிருக்கும்.

புகைப்படம் எடுத்திருந்தால் கணக்கு இன்னும் உறுதியாகும். இறக்கையின் உண்மை நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் பெருக்கி, சென்சாரில் விழுந்த பிம்பத்தின் நீளத்தால் வகுத்தால் தூரம் கிடைக்கும். 36 மி.மீ. அகல சென்சார், 200 மி.மீ. லென்ஸ், படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 12 மி.மீ.யை அடைக்கும் செஸ்னா 172 என்று எடுத்துக்கொண்டால், 11 மீட்டரை 200-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க 183 மீட்டர் வரும். கைப்பேசிப் படங்களில் டிஜிட்டல் பெரிதாக்கம் கலந்திருப்பதால், இந்தக் கணக்குக்கு அவை அவ்வளவு பொருத்தமில்லை.

அளவுகோலும் புகைப்படமும் தருவது உங்களுக்கும் விமானத்துக்கும் இடையிலுள்ள சாய்வான தூரமே என்பதை மறக்கக் கூடாது. விமானம் அடிவானத்திலிருந்து 30 பாகை ஏற்றத்தில் தெரிந்தால், உண்மையான உயரம் அந்தத் தூரத்தில் சரிபாதிதான். இறக்கை முழுதாகத் தெரியும் கோணத்தில் மட்டுமே அதை அளக்க வேண்டும். பக்கவாட்டில் கடக்கும் விமானத்துக்கு இறக்கைக்குப் பதில் உடலின் நீளத்தைப் பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாம் படி: விமானத் தட செயலிகளை எச்சரிக்கையோடு படியுங்கள்

ஃபிளைட்ரேடார்24, ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் போன்றவை, விமானம் 1090 மெகாஹெர்ட்ஸில் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி சிக்னலைப் பிடித்து வரைபடத்தில் காட்டுகின்றன. வகையையும் பதிவு எழுத்தையும் உறுதிசெய்ய இவை மிகவும் உதவும். எல்லாச் சிறு விமானங்களிலும் இந்தக் கருவி இருக்காது. இருந்தாலும், தாழப் பறக்கும்போது மலையோ கட்டடமோ மறைத்து, தரையிலுள்ள ஏற்பிக்குச் சிக்னல் எட்டாமல் போகலாம். செயலியில் காணவில்லை என்பதால் விமானி கருவியை அணைத்துவிட்டார் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

உயரத்தைப் படிப்பதில்தான் பெரிய குழப்பம் நேர்கிறது. செயலியில் தெரியும் உயரம் பெரும்பாலும் தரையிலிருந்து அளந்தது அன்று. கடல் மட்டத்திலிருந்து அளந்ததும் அன்று. காற்றழுத்தம் எல்லா நாளும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு கருவி கணக்கிட்ட அழுத்த உயரம் அது. அதைத் தரையுயரமாக மாற்ற இரண்டு திருத்தங்கள் வேண்டும். முதலில் அன்றைய கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் பக்கத்து விமான நிலையத்தின் வானிலை அறிக்கையில், கியூ எழுத்துக்குப் பின்னுள்ள நான்கு இலக்கங்களில் பாருங்கள். 1013-லிருந்து ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கல் குறைவுக்கும் 27 அடியைக் கழியுங்கள், ஒவ்வொரு கூடுதலுக்கும் 27 அடியைச் சேருங்கள். பிறகு உங்கள் தரை கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அதைக் கழியுங்கள்.

கடல் மட்டத்துக்கு 900 அடி மேலுள்ள ஓர் ஊருக்கு மேலே பறக்கும் விமானத்தைச் செயலி 1,900 அடி என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அன்றைய அழுத்தம் 1005 என்றால், எட்டு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 220 அடியும் தரையுயரம் 900 அடியும் கழிய, மிஞ்சுவது 780 அடி. அழுத்தம் 1021 ஆக இருந்தால் அதே 220 அடி கூடி, விமானம் 1,220 அடியில் இருந்திருக்கும். திரையில் ஒரே எண் தெரிய, ஒரு நாள் 1,000 அடிக்குக் கீழும் மறுநாள் மேலும் விமானம் பறந்திருக்கிறது. சில தளங்கள் ஜிபிஎஸ் உயரத்தையும் தனியே காட்டும். அது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளக்கப்படுவதால், இடத்தைப் பொறுத்துக் கடல்மட்ட உயரத்திலிருந்து 100 மீட்டர் வரைகூட வேறுபடலாம்.

ஆறாம் படி: எந்த விதி பொருந்தும் என்று தேர்ந்தெடுங்கள்

நாட்டுக்கு நாடு சட்டத்தின் சொற்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இரண்டாம் இணைப்பு, கண்பார்வையைக் கொண்டு பறக்கும் விமானங்களுக்கு இரண்டு எல்லைகளை வகுக்கிறது. நகரம், சிற்றூர், குடியிருப்பு ஆகியவற்றின் நெரிசலான பகுதிகளுக்கு மேலும், திறந்தவெளியில் கூடியிருக்கும் மக்களுக்கு மேலும், விமானத்தைச் சுற்றி 600 மீட்டருக்குள் உள்ள மிக உயர்ந்த தடையைவிட 300 மீட்டர் மேலே பறக்க வேண்டும். மற்ற இடங்களில் தரைக்கோ நீருக்கோ 150 மீட்டர் மேலே பறந்தால் போதும். புறப்படுவதும் தரையிறங்குவதும், உரிய அதிகாரியின் அனுமதி பெற்றுப் பறப்பதும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் விலக்கு.

முதல் எல்லை தரையிலிருந்து அளக்கப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அருகில் 100 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால், விமானம் தரையிலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருந்தாக வேண்டும். அதே விமானம் கோபுரத்தைவிட்டு 600 மீட்டருக்கு அப்பால் சென்றதும், வேறு உயரமான தடை இல்லையென்றால், 300 மீட்டருக்கு இறங்கிவிடலாம்.

அமெரிக்காவின் விதி 91.119 இதே பாதையில் சென்று, சில இடங்களில் விலகுகிறது. நெரிசலான பகுதியில் விமானத்தைச் சுற்றி 2,000 அடிக்குள் உள்ள உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி; மற்ற இடங்களில் தரைக்கு மேல் 500 அடி. ஆனால் திறந்த நீர்ப்பரப்பிலும் மக்கள் மிகக் குறைவாக வாழும் பகுதிகளிலும் குறைந்தபட்ச உயரம் எதுவும் இல்லை; எந்த மனிதருக்கும் படகுக்கும் வாகனத்துக்கும் கட்டடத்துக்கும் 500 அடிக்குள் வரக் கூடாது என்பதே நிபந்தனை. ஆகவே ஆளில்லாத கடலில் அலைகளை ஒட்டிப் பறப்பது அங்கே சட்டத்துக்கு உட்பட்டதே. பிரிட்டனிலும் இந்த 500 அடி, செங்குத்து உயரமாக மட்டும் இல்லாமல், எல்லாத் திசையிலும் அளக்கும் தூரமாகவே நடைமுறையில் இருக்கிறது. நெரிசலான பகுதி என்பதற்கு அமெரிக்க விதியில் எண்ணளவில் வரையறை கிடையாது. ஐரோப்பிய விதிகள், குடியிருப்புக்கோ வணிகத்துக்கோ பொழுதுபோக்குக்கோ கணிசமாகப் பயன்படும் பகுதி என்று விளக்குகின்றன.

எல்லா உயரங்களுக்கும் மேலான ஒரு நிபந்தனையை அமெரிக்க விதி முதல் வரியிலேயே வைத்திருக்கிறது: எஞ்சின் நின்றுபோனால், தரையிலுள்ள மக்களுக்கும் பொருளுக்கும் தேவையற்ற ஆபத்தின்றி இறங்கக்கூடிய உயரத்தில் எப்போதும் பறக்க வேண்டும். என் பார்வையில் இந்த விதித்தொகுதியின் உயிர்நாடி இதுதான். எஞ்சின் நின்ற செஸ்னா 172, ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே மிதந்து செல்லும். 1,000 அடியில் எஞ்சின் நின்றால் விமானிக்கு ஏறத்தாழ 80 நொடியும் 2.7 கிலோமீட்டரும் மிஞ்சும். 500 அடியில் 40 நொடியும் 1.4 கிலோமீட்டரும்தான். அந்த 40 நொடிக்குள் வெற்று நிலம் ஒன்றைத் தேடி, காற்றின் திசையைப் பார்த்து, மின்கம்பிகளைத் தவிர்த்து இறங்க வேண்டும். வயல்வெளிக்கு மேல் அது முடியும். வீடுகள் நெருங்கிய இடத்தில் முடியாது. இரண்டு இடங்களுக்கும் வெவ்வேறு உயரம் வகுக்கப்பட்டதன் நியாயம் இதிலிருந்தே விளங்கும்.

ஹெலிகாப்டர், தரையில் யாருக்கும் ஆபத்து விளையாத வகையில், இந்த உயரங்களுக்குக் கீழும் பறக்க அமெரிக்க விதி இடம் தருகிறது. சாகசப் பறத்தலுக்கு அங்கே 1,500 அடி என்ற தனி எல்லை உண்டு. நெரிசலான பகுதிக்கு மேல் அது அறவே கூடாது. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விமானங்களுக்கு உலகளாவிய பொது விதி, 8 கிலோமீட்டருக்குள் உள்ள உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி, மலைப்பகுதியில் 2,000 அடி என்பது. மேலே செல்லச் செல்ல வேறு விதிகள் வருகின்றன: தரைக்கு 3,000 அடிக்கு மேல் சமமாகப் பறக்கும்போது, கிழக்கு நோக்கிய திசைகளுக்கு 3,500, 5,500 என்றும், மேற்கு நோக்கிய திசைகளுக்கு 4,500, 6,500 என்றும் உயரங்கள் பிரிக்கப்பட்டிருப்பதால், எதிரெதிரே வரும் விமானங்கள் ஒரே உயரத்தில் சந்திப்பதில்லை.

ஏழாம் படி: தாழப் பறக்க நியாயமான காரணம் இருந்ததா என்று பாருங்கள்

முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தில் ஓடுபாதை இருக்கிறதா என்பது. தரையிறங்கும் விமானம் வழக்கமாக மூன்று பாகைச் சரிவில் வரும். அதாவது ஓடுபாதையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் சுமார் 52 மீட்டர் உயரத்திலும், மூன்று கிலோமீட்டரில் சுமார் 157 மீட்டர் உயரத்திலும் இருக்கும். எனவே ஓடுபாதையின் நேர்கோட்டில், மூன்று கிலோமீட்டருக்குள், 500 அடிக்குக் கீழே ஒரு விமானம் தெரிந்தால் அது தன் வழக்கமான பாதையில் போகிறது என்று பொருள். ஒரே விமானம் பல முறை ஒரே செவ்வகத்தைச் சுற்றி வந்தால், மாணவர் ஒருவர் புறப்பட்டு இறங்கிப் பழகுகிறார். அந்தச் சுற்று பெரும்பாலும் 1,000 அடி உயரத்தில், இடப்பக்கத் திருப்பங்களாக இருக்கும்.

வயலுக்கு மேல் சில மீட்டர் உயரத்தில் போய், எல்லையில் செங்குத்தாக ஏறித் திரும்பி, மீண்டும் இணையான கோட்டில் வருவது மருந்து தெளிக்கும் விமானம். வாலிலிருந்து நீண்ட கம்பு போன்ற குழாய் நீட்டிக்கொண்டிருந்து, மைல் கணக்கில் இணைகோடுகளாகப் பறந்தால், அது நிலத்தடிக் கனிமங்களைத் தேடும் காந்தப்புல அளவை விமானம். மின்பாதையை ஒட்டி மெதுவாகச் செல்லும் ஹெலிகாப்டர் கம்பிகளைப் பரிசோதிக்கிறது. மேகம் மிகத் தாழ்வாக இருக்கும் நாளில், தரையைக் கண்ணில் வைத்துக்கொள்ள விமானி கீழே வந்திருக்கலாம். ஆனால் அது விதிக்கு விலக்கு ஆகாது, விமானிகளின் உயிரையே பறித்திருக்கும் பழக்கமும் ஆகும். நீங்கள் குன்றின் மேல் நின்றால், பள்ளத்தாக்கில் உரிய உயரத்தில் வரும் விமானமும் கண்மட்டத்தில் தெரியும்.

எட்டாம் படி: புகார் செய்வதென்றால் அளந்ததை எழுதுங்கள்

இத்தனைக்குப் பிறகும் விதி மீறப்பட்டதாக உறுதியாகத் தோன்றினால், உங்கள் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார அமைப்புக்கு எழுதலாம். நாள், நிமிடம் வரை துல்லியமான நேரம், நீங்கள் நின்ற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, விமானம் வந்த திசையும் போன திசையும், இறக்கை அமைப்பும் எஞ்சின் எண்ணிக்கையும், படித்த பதிவு எழுத்துகள், உயரத்தைக் கணித்த முறை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்திலும் எழுதினால் ரேடார் பதிவோடு ஒப்பிட எளிது. "மிகவும் தாழ்வாக" என்று எழுதுவதைவிட, "45 பாகையிலிருந்து 45 பாகை வரை நான்கு நொடி" என்று எழுதினால் விசாரிப்பவருக்குக் கணக்கிட ஏதாவது கிடைக்கும். படம் இருந்தால், விமானமும் உயரம் தெரிந்த ஒரு கட்டடமும் ஒன்றாக விழுந்த படத்தை, வெட்டாமல், மூலக் கோப்பாகவே வைத்திருங்கள். பதிவு எழுத்தில் ஓர் எழுத்து சந்தேகமாக இருந்தால் அதை ஊகித்து நிரப்பாதீர்கள். தவறான எழுத்து, அங்கே பறக்காத ஒருவர் மீது பழி போடும்.

விமானத்தை நோக்கி லேசர் ஒளியையோ ட்ரோனையோ ஒருபோதும் செலுத்தக் கூடாது. லேசர் விமானியின் கண்ணைச் சில நொடிகளுக்குக் குருடாக்கும். தாழ்வாகப் பறப்பவருக்கு அந்தச் சில நொடிகளே ஆபத்தை வரவழைத்துவிடும். பல நாடுகளில் அது தண்டனைக்குரிய குற்றம்.

எஞ்சின் ஒலி விட்டுவிட்டுக் கேட்டாலோ திடீரென நின்றாலோ, விமானம் ஓடுபாதை இல்லாத திசையில் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தாலோ, அதை விதிமீறலாகப் பார்க்காமல் உடனே அவசர உதவி எண்ணை அழையுங்கள். கடைசியாகத் தெரிந்த திசையையும், அந்தத் திசையில் தெரியும் கோபுரம், மலை போன்ற அடையாளத்தையும் சொல்லுங்கள். விமானம் விழுந்த இடத்துக்கு முதலில் சென்றவர் நீங்கள் என்றால், எரிபொருள் கசிவைப் போலவே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சிர்ரஸ் எஸ்ஆர்22-லும் பல இலகுவான விளையாட்டு விமானங்களிலும், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டை வெளியே இழுக்க ஒரு சிறு ராக்கெட் பொருத்தப்பட்டிருக்கும். எஸ்ஆர்22-ல் அது பயணிகள் அறைக்குப் பின்னால் இருக்கிறது. பாராசூட் வெளியே விரியாமல் விமானம் நொறுங்கிக் கிடந்தால், அந்த ராக்கெட் இன்னும் வெடிக்காமல் இருக்கலாம். அதன் வாய்க்கு எதிரே நிற்காமலும், விமானத்தின் உடைந்த உடலை வெட்டாமலும் அசைக்காமலும், உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே, மீட்புக் குழுவுக்கு விமானத்தின் வகையையும் பாராசூட் விரியவில்லை என்பதையும் தொலைபேசியில் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.